மஹ்மூதின் முறை

இல்லை, சுலைகா எவனோடும் ஓடிப்போகவில்லை. போன் கடை நாகநாதனோடு போனாள் என்று சொல்கிறவர்கள் ஒரு நடை பாம்பன் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்ப் பாருங்கள். அதே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் போன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். மத்தியானம் அவன் பெண்டாட்டி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருகிறாள். ஓடிப்போனவனுக்கு எந்தப் பெண்டாட்டி சோறு கொண்டுவருவாள்?

"அப்ப அவ போனு எதுக்கு அவன் கடையில கெடக்கு?" என்று கேட்கிறாள் பஞ்சம்மாள். சுலைகா வீட்டுக்கும் பஞ்சம்மாளின் கருவாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பனைமட்டை வேலிதான். "ஒன்றரை வருசமா அந்தப் போனை நோண்டிக்கிட்டே கெடந்தாளே, அதுல என்ன ஓதிக்கிட்டா இருந்தா? புருசன் இருக்கானா இல்லையான்னு தெரியல, மனுக் குடுடின்னா மாட்டேங்குறா. போற அன்னைக்கி வாசல் மண்ணுல குழி பறிச்சு, புளியமுத்தைப் போட்டு, மாமியாளோட வெளையாடிட்டுல்ல போனா! எந்தப் பொம்பள செய்வா?"

பஞ்சம்மாள் கண்ணால் பார்த்தது ஒன்றும் பொய்யில்லை. போனை நோண்டினாள், உண்மை. மனுக் கொடுக்க மறுத்தாள், உண்மை. போகிற அன்று மண்ணில் குழி பறித்து ஆடினாள், அதுவும் உண்மை. பார்த்ததற்கு அவள் கட்டிக்கொண்ட காரணம்தான் பொய். அடியிலிருந்து கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

சுலைகா மண்டபத்துப் பெண். கச்சத்தீவை அந்தப் பக்கம் கொடுத்த வருடம் பிறந்தவள். அவள் வாப்பா வாவு முகம்மது சங்கு வாங்கி விற்றவர். சங்கோடு வருகிற சோழியையெல்லாம் மகளுக்குக் கொண்டுவந்து கொட்டுவார். வீட்டில் பூவரச மரத்தில் கடைந்த பல்லாங்குழிப் பலகை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. எழுத்து தெரியாது, ஆனால் குழியில் கிடக்கிற சோழியை அவள் எண்ண மாட்டாள், பார்ப்பாள். பார்த்த பார்வையிலேயே இந்தக் கையை அள்ளினால் எந்தக் குழியில் போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் மருதாணி காய்வதற்குள் ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தால், எழும்போது அவள் முன்னால் சோழி குவிந்திருக்கும். மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு எழுவார்கள்.

இருபது வயதில் பாம்பன் மஹ்மூதுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மஹ்மூது விசைப்படகில் வலை இழுக்கிறவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். வீட்டில் அவன் உம்மா மஜீதா மட்டும். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது தனி மூட்டை, அதை இங்கே அவிழ்க்க வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஒன்றரை மாதம் ஆண்கள் வீட்டில். அப்போதுதான் மஹ்மூது பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆடுவார்கள். ஆண்பிள்ளை பல்லாங்குழி ஆடுகிறான் என்று தெரிந்தால் படகில் விடுவார்களா? "ஏலே மஹ்மூது, வளையல் என்ன கலர்லே வாங்கியாரணும்?" என்று வருடம் முழுக்கக் கேட்பார்கள். ஆகவே அது அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்த ரகசியம்.

மஹ்மூது ஆட்டத்தில் மட்டம். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம். சுலைகாவின் வலது மூலைக் குழியில் எத்தனை சோழி சேர்ந்திருந்தாலும், தன் கைக்கு எட்டினாலும், அள்ள மாட்டான்.

"ஏன் மச்சான் அதை விடுறீக?" என்று கேட்டாள்.

"அதையும் அள்ளிட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ. நீ போயிட்டா நான் யாரோட ஆடுறது?"

மஜீதா மாமி ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள். அது அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் நடந்துவருகிற வழக்கம். கடலுக்குப் போகிறவன் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகக் கூடாது. தாயமோ, பல்லாங்குழியோ, பாதியில் எழுந்துதான் போக வேண்டும். வந்து முடிக்க வேண்டும். அவன் வருகிற வரைக்கும் யாரும் ஒரு காயைத் தொடக் கூடாது. தடைக்காலம் முடிந்து மஹ்மூது படகுக்குப் போகிற ஒவ்வொரு நாளும், அடுத்த காயை வைக்கப் போனவன் வைக்காமல் எழுந்திருப்பான். சுலைகா பலகையை ஒரு துணியால் மூடி வைப்பாள். திரும்பி வந்ததும், கைலியில் உப்பு காய்வதற்கு முன்னால், துணியை விலக்கிவிட்டு, "யாரு முறை?" என்று கேட்பான்.

இரண்டாயிரத்து ஐந்தில் மஹ்மூது வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு அரபியின் படகில் மீன் பிடிக்கிற வேலை. இந்தக் கடலில் மீன்பாடு குறைந்துவிட்டது, எல்லை தாண்டினால் பிடிக்கிறார்கள், வேறு என்ன செய்வான்? போகிற அன்றும் ஆட்டம் பாதியில் நின்றது. அவன் முறை. சுலைகா பலகையை அலுங்காமல் தூக்கிப் பரணில் வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

அடுத்த வருடம், அவனோடு வேலை பார்த்த சதக்கத்துல்லா விடுப்பில் வந்தபோது ஒரு போன் கொண்டுவந்தான். நீல நிறம், செங்கல் போல் கனம். மஹ்மூது கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்துக்கு அது மணி அடித்தது. நலம் விசாரித்து முடித்த பிறகு மஹ்மூது சொன்னான்:

"அதுக்குள்ள நம்ம ஆட்டம் இருக்கு, பாத்தியா? ரெண்டு பக்கமும் ஆறாறு குழி. ஏழு இல்ல, ஆறு. சதக்கத்துல்லாவை எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"இதுல யாரோட மச்சான் ஆடுறது?"

"நீ அங்கன இருந்து ஆடு, நான் இங்கன இருந்து ஆடுறேன்." சிரித்தான். "யார்கிட்டயும் சொல்லிறாத."

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. அவன் கேலிக்குச் சிரித்தான். அவளோ, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், வெட்கத்தில் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவளைப் பைத்தியக்காரி என்று சொல்லாதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் அந்தச் செங்கல்லுக்குள் வந்தது. குரல் வருகிற வழியில் விரல் வராது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் ஒரு குழியை அழுத்தினாள். காய்கள் தானாக விழுந்தன. கொஞ்சம் பொறுத்து, எதிர்ப்பக்கத்துக் குழி ஒன்று தானாக எழுந்து காய்களை இட்டுக்கொண்டு போனது. அந்தப் பொறுத்தல் இருக்கிறதே, மஹ்மூது யோசிக்கிற பொறுத்தல் அது.

விதியெல்லாம் வேறாக இருந்தது. நாலு சேர்ந்தால் எடுக்க முடியவில்லை, வெறும் குழியைத் தடவி அடுத்ததை அள்ள முடியவில்லை. அந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டாள். ஒரு மாதத்தில் ஜெயித்தாள். ஒவ்வொரு நாளும் கடைசி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்தாள். அவன் அங்கே கடலுக்குப் போகிறவன் அல்லவா?

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு முற்றியது. மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கிற காலம்.

"உம்மாவுக்குக் கண்ணு தெரியல. வாங்க மச்சான்."

"இந்த சீசன் முடியட்டும்."

"போன சீசனுக்கும் இதத்தான சொன்னீக."

"சுலைகா, நான் சொல்றதக் கேளு…"

அவள் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. இவள் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் அரபியில் எதையோ சொன்னது.

ஆனால் ஆட்டத்தில் காய் நகர்ந்தது.

மூன்றாம் மாதம் சதக்கத்துல்லா மறுபடி ஊருக்கு வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றக்கூட மறந்து பேசினான். மஹ்மூதையும் சேர்த்து மூன்று பேரோடு கடலுக்குப் போன படகு கரைக்கு வரவில்லை. காற்று கொண்டுபோயிருக்கலாம். எல்லை தாண்டி விட்டார்கள் என்று பக்கத்து நாட்டுக்காரன் பிடித்துச் சிறையில் வைத்திருக்கவும் செய்யலாம். அரபி கையை விரித்துவிட்டான்.

"ஜெயில்ல இருந்தா தேடிப் புடிக்கலாம், லாத்தா. ஆனா தேடச் சொல்லி ஒரு ஆளு கேக்கணும். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கணும். அதுக்குப் பொஞ்சாதி கைரேகை வேணும். எழுதியே கொண்டாந்திருக்கேன், கட்டைவிரலை உருட்டுங்க போதும்."

"என்ன எழுதியிருக்கு?"

"காணாமப் போனவர் மஹ்மூது, தகப்பனார் பேரு…"

"அவுக காணாமப் போகல."

"லாத்தா…"

"காணாமப் போகலங்கிறேன்ல! இருக்காக. எனக்குத் தெரியும். கோவத்துல இருக்காக."

எப்படித் தெரியும் என்று கேட்டால் அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்பது அவன் கடைசியாகக் கொடுத்துவைத்த ரகசியம். அதையும் விட்டுவிட்டால் அவளிடம் அவனுடையது என்று என்ன இருக்கும்? சதக்கத்துல்லா அந்தத் தாளை மாமி கையில் கொடுத்துவிட்டு விடுப்பு முடிந்து போய்விட்டான். மாமி அதைப் பலகைக்கு அடியில் செருகி வைக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சுலைகா ஆடிய ஆட்டம் வேறு. வீட்டில் மூலைக் குழியைத் தொடாதவன், போனில் ஈவிரக்கமில்லாமல் தொட்டான். ஆறு காய் சேர்ந்தால் ஆறையும் அள்ளினான். பேச்சை வெட்டிவிட்ட கோபம் என்று அவள் நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாமல் வேண்டுமென்றே தோற்றாள். நல்ல காயை அவன் வாயில் கொண்டுபோய் வைத்தாள். "எடுத்துக்கங்க மச்சான், எல்லாத்தையும் எடுத்துக்கங்க, அந்த ஒரு குழியை மட்டும் விடுங்க." இதைத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பஞ்சம்மாள் கேட்டது. ஒரு பெண் போனைப் பார்த்து மச்சான் மச்சான் என்று கெஞ்சுகிறாள் என்றால் பஞ்சம்மாள் வேறு என்ன நினைப்பாள்? அவளையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாதுதான்.

மாமி ஒருநாள் தடவித் தடவி வந்து சுலைகாவின் காலைப் பிடித்தாள். மாமியார் மருமகள் காலை. "நான் பெத்தவன் ஜெயில்ல கஞ்சி கேட்டு ஒக்காந்திருக்கானோ என்னமோ. ஒரு கட்டைவிரலுதான கேக்குறேன், மவளே."

"மாமி, அவுக நல்லா இருக்காக. நீங்க பயப்படாதீக."

"நீ எப்படிப் பாத்த?"

சுலைகா காலை விடுவித்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் செய்த பெரிய பாவம் என்று இருந்தால் அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் ஒருநாள், ரமலானில், அஸர் தொழுகைக்கு முன்னால், மூலைக் குழியில் ஒன்பது காய் சேர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் அள்ளுவதற்குத் தோதாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எதிர்ப்பக்கம் பொறுத்தது. பிறகு வேறு குழியை எடுத்தது. ஒன்பதும் அப்படியே கிடந்தன. அன்றைக்கு அவள் முசல்லாப் பாயில் நெற்றியை வைத்தவள் வெகுநேரம் எழவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, பெருநாளுக்குப் பேசிவிடுவார் என்று புதுத் தாவணி போட்ட பெண்ணைப்போல் இருந்தாள். பெருநாள் வந்தது. போனது. போன் அடிக்கவில்லை.

அந்த வருடம் ஊரெல்லாம் மின்வெட்டு. போனில் சார்ஜ் இறங்கினால் பாதியில் நிற்கிற ஆட்டம் கலைந்துவிடும் என்று சுலைகா தவித்துப்போவாள். நாகநாதன் கடையில்தான் இன்வெர்ட்டர் உண்டு. கரண்டு போனதும் போனை எடுத்துக்கொண்டு அங்கே ஓடுவாள். சார்ஜ் ஏறுகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஓடிப்போன கதைக்கு வேர் அந்த ஸ்டூல்தான்.

ஐப்பசியில் ஒரு முற்பகல் அப்படி உட்கார்ந்திருந்தபோது, நாகநாதன் பழுது பார்க்க வந்த இன்னொரு போனை மூடி, பொத்தான் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தான். சுலைகாவின் போனைப் போலவே ஒன்று, நிறம் மட்டும் சாம்பல். அதன் முகத்தில் ஆறாறு குழிகள் தெரிந்தன. அவன் ஒரு குழியை அழுத்தினான். எதிர்ப்பக்கம் பொறுத்து, ஒரு குழியை எடுத்தது.

"இது யாரு போனு?" என்று கேட்டாள் சுலைகா.

"அக்காள்மடத்து சின்னக்கருப்பன் போனுக்கா. மீனு யாவாரி."

"இதுல அந்தப் பக்கம் ஆடுறது யாரு?"

நாகநாதன் சிரித்தான். "யாரும் இல்லக்கா. மிஷினு. அதுவா ஆடும்."

சுலைகா கையை நீட்டி அந்தப் போனை வாங்கினாள். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கிக் கொடுக்கச் சொன்னாள். தன் போனிலும், ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக, பாதி ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னாள். இரண்டையும் கண்ணாடிப் பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதில் மூன்றாம் குழியை அழுத்தினாள், அதில் மூன்றாம் குழியை அழுத்தினாள். இரண்டும் ஒரே அளவு பொறுத்தன. இரண்டும் ஒரே குழியை எடுத்தன. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே. நாலாவது தடவை இரண்டும் அவள் மூலைக் குழியை அள்ளின.

"என்னக்கா, ஒடம்புக்கு முடியலியா?"

"போனு இதுக்குள்ள வரும்ல? அவுக கூப்பிட்டா வரும்ல?"

நாகநாதன் அவள் போனை எடுத்துப் பார்த்தான். பின்பக்கத்தைத் திறந்து சிம்மை எடுத்து, இன்னொன்றில் போட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இந்த சிம்மு செத்து எட்டு மாசம் இருக்கும்க்கா. ரீசார்ஜே பண்ணலியே நீங்க. டவர் கோடு ஒண்ணுகூட இல்ல பாருங்க."

"பேசவே இல்லியேப்பா. பேசாததுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"பேசாட்டியும் போடணும்க்கா. இல்லன்னா நம்பரை எடுத்துருவாக."

"இந்த எட்டு மாசத்துல யாராச்சும் கூப்பிட்டிருந்தா?"

நாகநாதன் சிம்மைக் கையில் புரட்டினான். அவள் விடவில்லை. "சொல்லு தம்பி."

"வந்திருக்காதுக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஊருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும். பத்தொன்பது மாதம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அவன் உண்மையிலேயே கூப்பிட்டிருந்தால் வந்து சேர்ந்திருக்க வேண்டிய ஒரே கதவை, அதே கையால் சாத்தி வைத்திருந்திருக்கிறாள். எங்கோ ஒரு சிறையில், யாரிடமோ கெஞ்சி வாங்கிய போனில் அவன் இந்த எண்ணை அழுத்தியிருப்பானோ? எத்தனை தடவை அழுத்தியிருப்பான்? அவனைத் தேடச் சொல்லி ஒரு ஆள் கேட்க வேண்டும் என்றார்களே, அந்த ஆள் இங்கே உட்கார்ந்து குழி எண்ணிக்கொண்டிருந்தாள்.

போனை அந்தக் கண்ணாடிப் பெட்டி மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "ஒன் கடை நம்பரை ஒரு தாள்ல எழுதிக் குடு தம்பி. மனுவுல போட ஒரு நம்பர் வேணும்." எழுதிக் கொடுத்தான். அவளுடைய போன் அவன் கடையில் கிடப்பதற்கும், அவனுடைய எண் அவள் கையில் இருப்பதற்கும் காரணம் இதுதான். போதுமா?

வீட்டுக்கு வந்து மாமிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ரகசியத்தையும் சேர்த்து. மாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "அப்ப அங்கன ஆடுனது என் புள்ள இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

சுலைகா ஸ்டூல் போட்டுப் பரணில் கையை விட்டாள். பலகைக்கு அடியில் இருந்த தாளை நூல் நூலாக இழுத்தாள். சோழிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டு மாமி கையை நீட்டினாள்.

"கலைஞ்சிருச்சா?"

"இல்ல மாமி. அவுக முறை அப்படியே இருக்கு."

தாளையும், மஹ்மூதின் போட்டோவையும், பாஸ்போர்ட் நகலையும் ஒரு மஞ்சள் பையில் போட்டாள். மாற்றுச் சேலை ஒன்று. அவ்வளவுதான் அவள் எடுத்துப்போனது.

"எங்கன போற?"

"ராமநாதபுரம். அங்கன ஆகலன்னா மெட்ராஸ். அங்கனயும் ஆகலன்னா, எங்கன போகச் சொல்றாகளோ அங்கன."

"ஒத்தையிலயா? ஆம்பள தொணை இல்லாம ஊரு என்ன சொல்லும்?"

"பத்தொம்பது மாசம் போயிருச்சு மாமி. இனி தொணைக்குக் காத்திருக்க ஏலாது. பதில் கெடைக்காம வர மாட்டேன்."

 மாமி சுவரைப் பிடித்து எழுந்தாள். "அப்ப ஒரு ஆட்டம் வச்சுட்டுப் போ."

அந்த வழக்கம் ஆண்களுக்குத்தான். அப்படிப் புறப்பட்டுப் போன பெண் அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. பரணில் இருக்கிற பலகையைத் தொட முடியாது. ஆகவே இருவரும் வாசலில் மணலில் உட்கார்ந்தார்கள். சுலைகா கை முஷ்டியால் அழுத்தி அழுத்திப் பதினாலு குழி பறித்தாள். அடுப்படியிலிருந்து புளியங்கொட்டை கொண்டுவந்து போட்டாள். மாமி விரலால் குழியைத் தேடித் தேடி ஆடினாள். ஒரு காய் குழிக்கு வெளியே விழுந்தது. சுலைகா அதை எடுத்து உள்ளே போட்டாள். இருவருக்கும் கண்ணில் நீர் ஓடுகிறது, கை மட்டும் நிற்கவில்லை.

வேலிக்கு மேல் பஞ்சம்மாள் தலை தெரிந்தது. "என்ன மாமி, பெருநாள் முடிஞ்சும் கொண்டாட்டம் முடியலியா?"

இருவரும் நிமிரவில்லை. சுலைகா நாலு முறை ஆடினாள். ஐந்தாவது முறைக்கு மாமி குழியைத் தேடியபோது அவள் எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை.

"யாரு முறை?" என்று கேட்டாள் மாமி, அவள் எழுந்த அரவம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி.

"ஒங்க முறை. ஆடிறாதீக மாமி. நான் வந்துர்றேன்."

பை அவள் தோளில் இருந்தது. படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பஞ்சம்மாளைப் பார்க்கவில்லை, கருவாட்டுக் கொட்டகையைத் தாண்டி, ராமநாதபுரம் போகிற பேருந்து நிற்கிற சாலையைப் பார்த்து நடந்தாள். வாடைக்காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாமி குழிகளின் மேல் குனிந்து, கையால் விளிம்பைத் தடவிப் பார்த்து, மீன்கூடையை இழுத்து அவற்றின் மேல் கவிழ்த்தாள். அது பறந்துவிடாமல் அதன் மேல் தானே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.